காற்றில்லாத நாளில் தேயும் குழாய்: ஆழ்கடல் ரைசர் கண்காணிப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், சுமார் 1,200 மீட்டர் ஆழமுள்ள கடலில் ஒரு எஃப்.பி.எஸ்.ஓ. கப்பல் நிற்கிறது. எண்ணெயை எடுத்து, பிரித்து, தன் தொட்டிகளிலேயே சேமித்து வைக்கும் மிதவை ஆலை அது. கடலடிக் கிணறுகளிலிருந்து ரைசர் எனப்படும் எஃகுக் குழாய்கள் வழியாகக் கச்சா எண்ணெய் மேலே ஏறுகிறது. அந்த ரைசர்களில் ஒன்றின் முதல் கண்காணிப்பு அறிக்கை, ‘அயர்வுச் சேதம் (திரும்பத் திரும்ப வளைந்து உலோகம் தளர்வது) எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு’ என்று சொன்னது. அதை மறுபரிசீலனை செய்யும் வேலை நாகர்கோவில் வடசேரியில் இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்துக்கு வந்தது. கப்பல், நிறுவனம் இரண்டின் பெயரையும் சொல்ல ஒப்பந்தத்தில் இடமில்லை. குழாயின் அளவுகளையும் கொஞ்சம் மாற்றித் தந்திருக்கிறேன். கணக்குப் போட்ட வழி அப்படியே இருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அந்த அறிக்கையின் கணக்கு சரி. அது அளந்த நாட்கள்தான் சரியில்லை.

குழாயும் அதன் கண்டமும்

ஸ்டீல் கேட்டனரி ரைசர் என்பது பார்வைக்கு எளிமையான பொருள். கப்பலின் பக்கவாட்டில் ஒரு தாங்கியில் தொங்கும். தன் எடையாலேயே வளைந்து இறங்கும். கடலடியைத் தொட்டு, அங்கிருந்து தரையோடு ஓடும். மேல்முனையில் ஃப்ளெக்ஸ் ஜாயின்ட் என்று ரப்பரும் எஃகுத் தகடும் அடுக்கடுக்காக ஒட்டிய ஒரு மூட்டு இருக்கும். கப்பல் சாயும்போது குழாய் முறியாமல் அது விட்டுக்கொடுக்கும். ஆபத்து பெரும்பாலும் அடிமுனையில், குழாய் தரையைத் தொடும் டச்டவுன் பகுதியில் இருக்கிறது. விசைப்படகின் நங்கூரக் கயிறு எங்கே முதலில் தேயும் என்று சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் கேட்டுப் பாருங்கள். மணலைத் தொட்டுத் தொட்டு எழும் இடத்தைத்தான் காட்டுவார்கள். ரைசருக்கும் கண்டம் அங்கேதான்.

மிதக்கும் தளத்தில் இவ்வகை ரைசர் முதன்முதலில் 1994இல் மெக்சிகோ வளைகுடாவில், 872 மீட்டர் ஆழத்தில் இருந்த ஷெல் நிறுவனத்தின் ஆகர் தளத்தில் தொங்கியது. ஆகர் ஒரு டி.எல்.பி.; செங்குத்தான எஃகுத் தண்டுகள் அதைக் கீழே இழுத்துப் பிடித்திருப்பதால் அது மேலும் கீழும் ஏறி இறங்குவது மிகக் குறைவு. 1998இல் பிரேசிலின் மார்லிம் வயலில், 910 மீட்டர் ஆழத்தில், பெட்ரோப்ராஸ் அதே உத்தியை பி-18 என்ற அரைமூழ்கித் தளத்துக்குக் கொண்டுபோனது. அரைமூழ்கித் தளம் கொஞ்சம் ஏறி இறங்கும். பிறகு 2005இல் உற்பத்தி தொடங்கிய நைஜீரியாவின் போங்கா வயலில் அது கப்பல் வடிவ எஃப்.பி.எஸ்.ஓ.வுக்கே வந்தது. கப்பல் நன்றாகவே ஏறி இறங்கும். குழாய் பெரிதாக மாறவில்லை. அது தொங்கும் தளம்தான் ஒவ்வொரு படியிலும் கூடுதலாக ஆடத் தொடங்கியது. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிதாகப் புரியும்.

ஒரு கையடக்கக் கணக்கு

வெளிவிட்டம் 10¾ அங்குலம், அதாவது 273 மி.மீ.; சுவர்த் தடிமன் 1 அங்குலம்; எக்ஸ்65 தர எஃகு. எண்ணெய் நிறைந்த நிலையில், நீரின் மிதப்புவிசையைக் கழித்தால், மீட்டருக்குச் சுமார் 128 கிலோ தேறும். மேல்முனையில் குழாய் செங்குத்துக்கு 12 பாகை சாய்ந்து தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,200 மீட்டர் ஆழத்துக்குத் தரையைத் தொடும் இடத்தில் வளைவின் ஆரம் 315 மீட்டர் வரும். தொங்கும் நீளம் ஏறக்குறைய 1,480 மீட்டர். மேல்முனையில் இழுவிசை கிட்டத்தட்ட 194 டன். தொடும் இடத்தில் வளைவினால் மட்டும் வரும் தகைவு (ஸ்ட்ரெஸ்) 90 மெகாபாஸ்கல். எக்ஸ்65 எஃகு 450 மெகாபாஸ்கல் வரை தாங்கும். ஆக, அசையாமல் நின்றால் ஒரு கவலையும் இல்லை.

இனி கப்பலைக் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம். குழாய் ஓடும் திசையை நோக்கி 44 மீட்டர் நகர்ந்தால் மேல்முனைச் சாய்வு 12 பாகையிலிருந்து 10 பாகையாகக் குறைகிறது. வளைவின் ஆரம் 252 மீட்டராகச் சுருங்குகிறது. தகைவு 112 மெகாபாஸ்கலாக ஏறுகிறது. அதோடு தரையைத் தொடும் புள்ளி 52 மீட்டர் கப்பலை நோக்கி வருகிறது. கப்பல் நகர்ந்ததைவிடத் தொடும் புள்ளி அதிகம் நகர்கிறது என்பதைக் கவனியுங்கள். இந்த எண் கடைசியில் திரும்பவும் வேலைக்கு வரும்.

இதெல்லாம் நிலைக்கணக்கு. குழாயைக் கொல்வது ஒரு பெரிய தகைவு அல்ல. சின்னத் தகைவு கோடிக்கணக்கான முறை ஏறி இறங்குவது. அதுதான் உலோக அயர்வு. கத்தோடிக் காப்போடு (துருப்பிடிக்காமல் மின்வேதி முறையில் காப்பது) கடல்நீரில் இருக்கும் வெல்டுக்கு, டி.என்.வி. என்ற தரச்சான்று நிறுவனத்தின் விதிகளில் வரும் ‘டி’ வளைகோட்டை எடுத்துக்கொள்வோம். தகைவின் ஏற்றத்தாழ்வு சுமார் 83 மெகாபாஸ்கலுக்குக் கீழே இருக்கும்போது, சேதம் அந்த ஏற்றத்தாழ்வின் ஐந்தாம் அடுக்காகக் கூடும். இரண்டு மடங்கு தகைவு என்றால் 32 மடங்கு சேதம். 18 நொடிக்கு ஒரு சுற்று என்றால் ஆண்டுக்கு 17½ லட்சம் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் 40 மெகாபாஸ்கல் ஏற்றத்தாழ்வு ஆண்டு முழுக்க இருந்தால் வெல்டின் ஆயுள் 22 ஆண்டு சொச்சம். ஆனால் எடுத்துப் பார்க்கவோ மாற்றவோ முடியாத இடத்துக்குப் பாதுகாப்புக் காரணி 10 என்பது வழக்கம். பத்தால் வகுத்தால் மிஞ்சுவது இரண்டேகால் ஆண்டு. அதுவே 20 மெகாபாஸ்கல் என்றால், அதே பத்தால் வகுத்த பிறகும் 70 ஆண்டுக்கு மேல் தாங்கும். இவை வெறும் மாதிரி எண்கள்தான். எந்தக் கடலும் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி ஆடாது. ஆனாலும் ரைசர் வடிவமைப்பாளர்கள் ஏன் தூக்கமில்லாமல் அலைகிறார்கள் என்பதற்கு இந்த இரண்டு வரி போதும்.

அறிக்கை அளந்தது எதை

குழாயில் இரண்டு இடத்தில், ஃப்ளெக்ஸ் ஜாயின்ட்டுக்குக் கீழேயும் டச்டவுனுக்குச் சற்று மேலேயும், பேட்டரியில் ஓடும் லாகர்கள், அதாவது அசைவைப் பதியும் கருவிகள், கட்டப்பட்டிருந்தன. ஆர்.ஓ.வி. எனப்படும் கடலடி ரோபோ இறங்கிக் கட்டிவிட்டு வரும். மாதங்கள் கழித்து அதுவே போய்க் கழற்றிவரும். பேட்டரியும் நினைவகமும் அளவானவை என்பதால் எல்லா நேரமும் பதிய முடியாது. எப்போது பதிய வேண்டும் என்று ஒரு விதி வைக்க வேண்டும்.

இங்கே வைத்த விதி காற்றுவேகம். கப்பலின் காற்றுமானி ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஒலி அலை மூலம் லாகருக்குச் செய்தி போகும். அது விழித்துக்கொண்டு விரிவாகப் பதியும். மற்ற நேரங்களில் நாளுக்கு ஒரு சின்னப் பதிவு மட்டும், அதுவும் அதிர்வைச் சரிபார்க்க. கருவியைத் தந்தவர்களுக்கு மெக்சிகோ வளைகுடாவில் நல்ல அனுபவம். அங்கே சூறாவளி வந்தால் காற்று, அலை, நீரோட்டம் மூன்றும் சேர்ந்து வரும். காற்றைக் காவலுக்கு வைத்தால் மற்ற இரண்டும் மாட்டிக்கொள்ளும். அந்தக் கடலுக்கு அது புத்திசாலித்தனமான விதி.

மேற்கு ஆப்பிரிக்கக் கடல் வேறு. அங்கே காற்று பொதுவாகச் சாது. அவ்வப்போது ஸ்குவால் என்ற திடீர்க்காற்று வரும், கப்பலைக் கொஞ்சம் தள்ளும், ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். லாகர்கள் அத்தனை ஸ்குவாலையும் ஒழுங்காகப் பதிந்திருந்தன. கப்பல் தள்ளப்பட்டதும், மேல்முனைச் சாய்வு மாறியதும் எல்லாம் அழகாகத் தெரிந்தது. ஆனால் ஒரு ஸ்குவாலில் எத்தனை சுற்று வந்துவிடும்? அயர்வுக் கணக்கில் அது ஒன்றும் பெரிய தொகை இல்லை. அதனால்தான் அறிக்கையும் ‘குறைவு’ என்றது.

எங்களுக்குச் சந்தேகம் வந்தது எண்களைப் பார்த்து அல்ல. அந்தக் கப்பலில் குளச்சல்காரத் தம்பி ஒருவன் டெக்கில் வேலை பார்க்கிறான். வேறு எதற்கோ பேசும்போது, “காத்து ஒண்ணும் இல்லண்ணே. ஆனா கெடந்து ஆடுது. நேத்து ராத்திரி கட்டில்ல நேரா படுக்க முடியல” என்றான். “லாக்புக்ல என்ன மக்கா எழுதியிருக்கு?” என்று கேட்டேன். “காம்னுதான் எழுதுவானுவ. காத்தப் பாத்துத்தான எழுதுவானுவ” என்றான். ‘காம்’ என்றால் கடல் அமைதி என்று பொருள்.

காற்றில்லாமல் வரும் அலை

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரருக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கை விடும் நாட்களில் உள்ளூரில் பெரும்பாலும் காற்றே இருக்காது. வானம் வெளிறிக் கிடக்கும். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் தென் பெருங்கடலில் புயல் கிளப்பிய அலை, நீண்ட ஸ்வெல்லாக வந்து சேரும். முகட்டுக்கு முகடு 18 நொடி காலம் கொண்ட அலையின் ஆற்றல் ஆழ்கடலில் நொடிக்கு 14 மீட்டர், அதாவது நாளுக்கு 1,200 கிலோமீட்டர் வேகத்தில் பயணிக்கும். ஐந்தாறு நாளில் நம் கரையைத் தட்டிவிடும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படி எச்சரிக்கை இருந்த நாளில்தான். அலையின் உயரத்தைப் பார்த்துக் கடலை எடைபோடும் பழக்கம் கரையிலும் ஆபத்து, ஆழ்கடல் வேலையிலும் ஆபத்து. மேற்கு ஆப்பிரிக்காவுக்குத் தெற்கு அட்லாண்டிக்கிலிருந்து இதே வகை ஸ்வெல் வருகிறது.

அலையின் உயரத்தைவிட அதன் காலம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு. ஆழ்கடலில் அலையின் நீளம் மீட்டரில் ஏறக்குறைய 1.56 பெருக்கல் காலத்தின் வர்க்கம். 8 நொடி அலைக்கு 100 மீட்டர் நீளம். 300 மீட்டர் நீளக் கப்பலின் அடியில் அதுபோல மூன்று அலை ஒரே நேரத்தில் இருக்கும். ஒன்று தூக்கும்போது இன்னொன்று இறக்கும், மொத்தத்தில் கப்பல் பெரிதாக அசையாது. 18 நொடி அலையின் நீளம் 500 மீட்டர். கப்பலையே விழுங்கும் நீளம். அது ஒரு மீட்டர் உயர்ந்தால் கப்பலும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரும். போதாததற்கு, இந்தக் கப்பல் நான்கு மூலையிலும் மூரிங் (கடலடியோடு பிணைக்கும் சங்கிலி) கட்டியது. அலைக்கு ஏற்றபடி தலையைத் திருப்ப முடியாது. ஸ்வெல் கொஞ்சம் பக்கவாட்டில் வந்தால் உருள ஆரம்பிக்கும். ரைசர் தொங்கும் தாங்கி கப்பலின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 29 மீட்டர் தள்ளி இருக்கிறது. 2 பாகை உருண்டாலே அந்த இடம் ஒரு மீட்டர் ஏறி இறங்கும். அந்த ஒரு மீட்டர்தான் குழாய் வழியாகக் கீழே போய் டச்டவுனை மண்ணிலிருந்து கிளப்பிக் கிளப்பிப் போடுகிறது.

தரவு இல்லாத இடத்தில் தரவு

காற்றில்லாத நாட்களில் லாகர் தூங்கிக்கொண்டிருந்தது. நாளுக்கு ஒரு முறை பதிந்த சின்னப் பதிவாவது உதவுமா என்று பார்த்தோம். உதவவில்லை. அதற்கான காரணம் சுவாரஸ்யமானது, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அந்தச் சின்னப் பதிவில் முடுக்கமானி மட்டுமே ஓடும். சுழற்சியை அளக்கும் சென்சார் மின்சாரம் அதிகம் குடிக்கும் என்று அணைத்து வைத்திருந்தார்கள். நீரோட்டத்தின் சுழல்கள் குழாயை உலுக்கும் அதிர்வை (வி.ஐ.வி. என்பார்கள்) பிடிக்க முடுக்கமானி போதும். நொடிக்கு ஒரு மீட்டர் நீரோட்டத்தில் இந்தக் குழாய் ஏறக்குறைய 1.4 நொடிக்கு ஒரு முறை அதிரும், 10 செ.மீ. வீச்சு இருந்தாலே முடுக்கம் 2 மீ/நொடி² அளவுக்கு வரும், பளிச்சென்று தெரியும். ஆனால் 18 நொடிக் காலத்தில் குழாய் ஒரு மீட்டர் பக்கவாட்டில் போய்வந்தாலும் முடுக்கம் 0.12 மீ/நொடி²தான். அதே நேரத்தில் குழாய் ஒரே ஒரு பாகை சாய்ந்தால் புவியீர்ப்பின் ஒரு கூறு, 0.17 மீ/நொடி², அதே அச்சில் ஏறிவிடும். அதாவது சாய்வின் பொய்ச் சமிக்ஞை உண்மையான அசைவைவிடப் பெரிது. சுழற்சி சென்சார் கூட இருந்தால் சாய்வைக் கழித்துவிடலாம். இல்லாவிட்டால் இரண்டையும் பிரிக்க வழியில்லை. கருவி வாங்கும்போது ‘முடுக்கமானி இருக்கிறதா’ என்று மட்டும் கேட்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

சரி, கப்பலின் அசைவாவது எங்காவது பதிவாகியிருக்குமா? இருந்தது. ஹெலிகாப்டர் இறங்கும் தளத்துக்கென்று ஒரு தனிக் கண்காணிப்பு அமைப்பு உண்டு. தளம் எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது, எவ்வளவு சாய்கிறது என்பதைப் பைலட்டுக்குச் சொல்லாமல் ஹெலிகாப்டரை இறக்க முடியாது. அதனால் அதன் அசைவுமானி, இரவு பகல் பாராமல், காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடிக்கொண்டே இருந்தது. ரைசர் துறைக்கும் ஹெலிகாப்டர் துறைக்கும் வேறு வேறு ஒப்பந்ததாரர்கள். இந்தக் கோப்பு அங்கே சும்மா கிடந்தது. அதைக் கேட்டு வாங்க எழுதிய மின்னஞ்சல்களைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரை ஆகும், விட்டுவிடுகிறேன்.

ஹெலிகாப்டர் தளம் கப்பலின் தலைப்பக்கத்தில் இருக்கிறது. ரைசர் தாங்கி நடுவில், பக்கவாட்டில். ஒரு இடத்து அசைவை இன்னொரு இடத்துக்கு மாற்ற உருளலையும் முன்பின் சாய்வையும் தூரத்தால் பெருக்கிக் கூட்டிக் கழிக்க வேண்டும். குறியில் ஒரு பிழை வந்தால் போச்சு: 120 மீட்டர் தூரத்துக்கு ஒரு பாகைச் சாய்வு என்பது இரண்டு மீட்டருக்கு மேல். இன்னொரு சிக்கல் கடிகாரம். நீருக்கடியில் ஜி.பி.எஸ். கிடையாது, லாகரின் கடிகாரம் மெல்ல மெல்ல நழுவும். லாகரும் அசைவுமானியும் சேர்ந்து பதிந்த ஸ்குவால்களை வைத்து இரண்டு நேரத்தையும் பொருத்தினோம். பழைய விதி தந்த உபகாரம் அது.

அதே ஸ்குவால் பதிவுகள் ரைசரின் கணினி மாதிரியைச் சோதிக்கவும் உதவின. தாங்கியின் அசைவை ஆர்காஃப்ளெக்ஸ் மென்பொருளில் கொடுத்தால் ஃப்ளெக்ஸ் ஜாயின்ட் அருகே வரும் சுழற்சி, லாகர் அளந்ததோடு நன்றாகவே ஒத்துப்போனது. டச்டவுன் பக்கத்தில் அவ்வளவு ஒத்துப்போகவில்லை. அங்கே மண் இருக்கிறது. அந்தக் கடலடிக் களிமண் மிக மிருது. குழாய் அடித்து அடித்துத் தனக்கொரு பள்ளம் தோண்டிக்கொள்ளும், காலப்போக்கில் குழாய் விட்டத்தைப்போல் சில மடங்கு ஆழம்வரை. மண்ணை எவ்வளவு விறைப்பாக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஆயுள் கணிசமாக மாறும். விறைப்பான எண்ணையும் மிருதுவான எண்ணையும் வைத்து இரண்டு முறை ஓட்டினோம். ஐப்பசி மழையில் கரண்ட் போகும்போதெல்லாம் யு.பி.எஸ். எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் எங்கள் அயர்வுக் கணக்கில் ஒன்று.

என்ன கிடைத்தது

மண்ணுக்கு எந்த எண்ணை வைத்தாலும் ஒன்று மாறவில்லை. டச்டவுன் சேதத்தின் பெரும்பகுதி, லாக்புக்கில் ‘காம்’ என்று எழுதிய நாட்களில் சேர்ந்தது. ஸ்குவால் நாட்களின் பங்கு சொற்பம். முதல் அறிக்கை காட்டிய ஆயுளைவிட நாங்கள் கண்ட ஆயுள் வெகுவாகக் குறைவு. இன்றைக்கோ நாளைக்கோ குழாய் முறியும் என்ற பேச்சில்லை. ஆனால் ‘சேதம் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு’ என்ற வாக்கியம் நிற்காது.

வடிவமைப்பு காலத்தில் ஸ்வெல்லைக் கணக்கில் எடுக்காமல் விட்டார்களா என்று கேட்கலாம். விடவில்லை. மூல வடிவமைப்பில் ஸ்வெல் இருந்தது, சேதக் கணக்கும் நியாயமாகவே இருந்தது. கண்காணிப்பு அறிக்கைதான் அந்தப் பழைய கணக்கை ‘தேவைக்கு மேல் பயந்தது’ என்று ஆக்கிவிட்டது. அதை நம்பி, அதே கப்பலுக்கு அடுத்துப் போடவிருந்த ரைசரில் வெல்டுத் தரத்தைத் தளர்த்தலாமா என்ற யோசனைகூட ஓடிக்கொண்டிருந்தது. அளக்காமல் இருப்பதைவிட அரைகுறையாக அளப்பது மோசம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

செய்யச் சொன்னவை

லாகரின் விதியை மாற்றுவதுதான் முதல் வேலை, செலவும் குறைவு. காற்றைப் பார்க்காமல், சில மணி நேரத்துக்கு ஒரு முறை சம இடைவெளியில் பதிய வேண்டும். சுழற்சி சென்சாரும் கூடவே ஓட வேண்டும். பேட்டரி சீக்கிரம் தீரும், ஆர்.ஓ.வி. கூடுதலாக ஒரு முறை இறங்க வேண்டியிருக்கும். பரவாயில்லை.

குழாய்க்கு என்ன செய்வது? வெல்டைக் கடலடியில் திருத்த முடியாது. செய்யக்கூடியது கப்பலை நகர்த்துவது. மூரிங் சங்கிலிகளைச் சில மீட்டர் இழுத்தும் விட்டும் கப்பலின் இடத்தை மாற்றினால், தொடும் புள்ளி வேறு வெல்டுகளுக்குப் போகும். சேதம் ஒரே இடத்தில் குவியாமல் பரவும். மேலே சொன்ன 44-க்கு 52 கணக்கு இங்கேதான் உதவுகிறது: சின்ன நகர்வே போதும். ஆனால் இதை அள்ளித் தெளிக்க முடியாது. கப்பலின் இருபக்கமும் ரைசர்கள் தொங்குகின்றன. ஒரு பக்கத்துக்கு இளக்கம் தரும் நகர்வு எதிர்ப்பக்கத்து ரைசரின் வளைவை இறுக்கும். மூரிங் சங்கிலியும் புதிய கண்ணிகளில் தேய ஆரம்பிக்கும். எந்த மாதத்தில் எந்தப் பக்கம், எவ்வளவு என்று மூரிங் ஆட்களோடு உட்கார்ந்து அட்டவணை போட வேண்டியிருந்தது.

அடுத்த ரைசருக்கு லேஸி வேவ் வடிவத்தைப் பரிந்துரைத்தோம். குழாயின் நடுப்பகுதியில் மிதவைத் துண்டுகளைக் கட்டினால் அது ஒரு திமில்போல் எழும். கப்பலின் ஏற்ற இறக்கம் அந்தத் திமிலோடு அடங்கி, டச்டவுன் வரை போகாது. 2009இல் பிரேசிலின் பி.சி.-10 வயலில் எஃப்.பி.எஸ்.ஓ.வுக்கு இந்த வடிவம் வந்தது. 2016 முதல் மெக்சிகோ வளைகுடாவின் ஸ்டோன்ஸ் வயலில் சுமார் 2,900 மீட்டர் ஆழத்தில் தொங்குகிறது. மிதவைகளுக்கும் அவற்றை நிறுவும் கப்பல் நேரத்துக்கும் பணம் ஆகும். வாடிக்கையாளர் முகம் சுளித்தார், ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

பதிவு விதியும் கப்பல் நகர்த்தும் அட்டவணையும் நடைமுறைக்கு வந்துவிட்டன. அடுத்த ஆர்.ஓ.வி. சுற்றில் டச்டவுன் பள்ளத்தின் நீளத்தையும் ஆழத்தையும் அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறோம். மண்ணின் விறைப்புக்கு நாங்கள் வைத்த இரண்டு எண்ணில் எது பக்கத்தில் நிற்கிறது என்று அது வந்தபின் பார்த்து, ஆயுள் கணக்கை மறுபடி ஓட்ட வேண்டும்.